பொள்ளாச்சி வண்டி காற்றில் மறைந்து வரும்

என் மாமா ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் ரோட்டைத் தாண்டுவார். காலை எட்டே முக்கால் வாக்கில். பன்னிரண்டு எட்டு வைத்தால் அக்கட்ட போய்விடலாம், அவ்வளவுதான் அகலம். ஆனால் விடிந்து எழுந்ததில் இருந்தே அது அவர் வயிற்றில் உட்கார்ந்திருக்கும். "காலைல தின்ன இட்லி செரிச்சிரும் கண்ணு, இது செரிக்காது" என்பார்.

எங்கள் பக்கம் பிரியமானவர்களை எல்லாம் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். மாமாவுக்குக் கண் தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சின்ன வயதில் நான் ஏதோ கேலி பேசி, அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். மாமா சிரித்தார் என்பது வேறு விஷயம்.

அவர் லாட்டரிச் சீட்டு விற்கிறார். கொழிஞ்சாம்பாறையில் இருந்து பொள்ளாச்சி போகிற சாலையில், கோபாலபுரம் எல்லைக்குச் சற்று முன்னால், கேரளப் பக்கத்து முக்கு ஒன்றில் மேசை. முக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டீக்கடை, ஒரு மாட்டுத் தீவனக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, நான்கைந்து லாட்டரி மேசைகள். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கேரளத்தில் 1967-ல் அரசே தொடங்கியது இன்றைக்கும் நடக்கிறது. அதனால் எல்லையோரத்தில் எந்த முக்கில் நின்றாலும் இந்த மேசைகளைப் பார்க்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, நம்பர் பார்த்து, கூட்டிப் பார்த்து, சாமி கும்பிட்டு வாங்குவார்கள். மூன்று மணிக்குக் குலுக்கல். அதற்குள் கையில் இருப்பது விற்றாக வேண்டும்.

எங்கள் ஊர் அந்த முக்குக்கு மேற்கே. மாமா வருகிற பஸ் கிழக்கே பார்த்துப் போவதால் அவரை வடக்குப் பக்கம் இறக்கிவிடும். பொள்ளாச்சியில் இருந்து வருகிற பஸ்ஸோ தெற்குப் பக்கம் நிற்கும். வாங்குகிற கூட்டம் இறங்குவது அங்கேதான். "மேசைய இக்கட்டயே போட்டுக்கலாமுங்களே மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "போடலாம். வாங்கறவன் ரோட்டத் தாண்டி வரோணுமே. அவனுக்கு அது சோம்பேறித்தனம், எனக்கு அது பொழப்பு" என்றார். சாயங்காலம் பிரச்சினை இல்லை. ஊருக்குப் போகிற பஸ் மேசைக்கு முன்னாலேயே வந்து நிற்கும். அந்தக் காலை ஒரு தடவைதான்.

இரண்டு வருடத்துக்கு முந்தின ஆடியில் எனக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. தினமும் அவரோடு அந்த பஸ்ஸில் போனேன். கையைப் பிடிக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பஸ் நிற்கிறது. மாமா இறங்குகிறார். கண்டக்டர் கயிற்றை இழுக்க, டிங் டிங் என்று இரண்டு மணி. (கேரளா பஸ்ஸில் மணி, தமிழ்நாட்டு பஸ்ஸில் விசில். எல்லைப் பலகையைப் படிக்க முடியாத மாமாவுக்கு எந்த மாநிலத்து வண்டி என்பது இப்படித்தான் தெரியும்.) பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. மற்றவர்கள் அந்த நேரத்தில்தான் பஸ்ஸுக்குப் பின்னால் புகுந்து ரோட்டைத் தாண்டுவார்கள். மாமா அசைய மாட்டார். தான் வந்த பஸ்ஸேதான் அவருக்கு முதல் தடை. அந்த இரைச்சல் ஓயும் வரை வேறு எதுவும் காதில் விழாது. பஸ் போய் எல்லைச் சோதனைச் சாவடிக்கு அருகில் பிரேக் போடுவது கேட்ட பிறகுதான் அவருடைய வேலை தொடங்கும்.

முதலில் இரண்டு அடி பின்னால் வருவார். குதிகால் தாரின் ஓரத்தைத் தேடும். அங்கே நடைபாதையோ கரைக்கல்லோ கிடையாது. தார் உடைந்து ஜல்லி தொடங்குகிற இடம்தான் எல்லை. இரண்டு குதிகாலும் அந்த ஓரத்தில் ஒரே மாதிரி பட்டால் அவர் ரோட்டுக்கு நேராக நிற்கிறார் என்று அர்த்தம். ஒன்று பட்டு ஒன்று படாவிட்டால் கோணல். கோணலாக நின்று நடந்தால் கோணலாகத்தான் போய்ச் சேருவார், அதாவது ரோட்டுக்குக் குறுக்கே போவதற்குப் பதில் ரோட்டோடு போய்க்கொண்டிருப்பார். கண் தெரிகிற நமக்கு இது புரியாது. நாம் நேராக நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒவ்வோர் எட்டிலும் கண்தான் நம்மைத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

அடுத்து எதிர்ப்பக்கத்து டீக்கடை. அங்கே காலை முழுக்க எஃப்.எம். பாடும். கூடவே எண்ணெய்ச் சட்டியில் பழம்பொரி பொரிகிற சத்தம், வாசம். அதுதான் அவருக்குத் திசை. டீக்கடைக்காரர் கல்யாணம், காது குத்து என்று கடையை அடைத்துவிட்டால் அன்றைக்கு மாமா வேறு யாராவது வரும் வரை காத்திருப்பார். அந்தக் கடைக்காரருக்கு இது தெரியாது. சொன்னால் லீவு போடும்போதெல்லாம் கவலைப்படுவார் என்று மாமா சொல்லவில்லை.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலைத்தொடர் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிற இடம். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று மொத்தமும் அந்த வாய்க்குள் புகுந்துதான் எங்கள் மேல் விழும். பனை மட்டை உரசும், தகரம் அடித்துக்கொள்ளும், பேச்சு பாதியில் பறந்து போகும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்து வரும் வண்டியின் சத்தத்தைக் காற்றே சுமந்து வந்து கொடுத்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வரும் வண்டியின் சத்தத்தையோ வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். "ஆடியில பொள்ளாச்சி வண்டி காத்துல மறைஞ்சு வரும்" என்று மாமா சொன்னபோது முதலில் நான் ஏதோ பழமொழி என்று நினைத்தேன். வடக்கே நின்று தெற்கே பார்த்தால் முதல் பாதி ரோட்டில் வலப்பக்கம் இருந்து கொழிஞ்சாம்பாறை வண்டிகள், இரண்டாவது பாதியில் இடப்பக்கம் இருந்து பொள்ளாச்சி வண்டிகள். அதாவது நடு ரோட்டுக்குப் போன பிறகுதான் ஆபத்தே.

அப்படியிருந்தும் பல வருடமாக எப்படித் தாண்டினார் என்றால், ரோட்டின் மேல் இருந்த ஆறு பட்டைகளை நம்பித்தான்.

முக்குக்குக் கிழக்கே எண்பது மீட்டர் தள்ளி, ஸ்பீட் பிரேக்கருக்குப் பதிலாக, கெட்டியான வெள்ளைப் பெயின்ட்டில் குறுக்குவாக்கில் ஆறு பட்டைகள் போட்டிருந்தார்கள். வண்டி ஏறினால் டர்ர்ர் என்று ஒரு அதிர்வு வரும். ஓட்டுகிறவனை எழுப்பி வேகத்தைக் குறைக்க வைப்பதற்காகப் போட்டது. மாமாவுக்கு அது மணி. கார் என்றால் டர்ர்ர். லோடு லாரி என்றால் தடதட, கூடவே சங்கிலிச் சத்தம். பைக் என்றால் டிட்டிட்டி. அந்தச் சத்தம் காற்றையும் மீறிக் கேட்கும். கேட்ட பிறகு வண்டி முக்குக்கு வந்து சேர அவர் ஆறு வரை எண்ணுகிற நேரம். இரண்டாவது பாதி ரோட்டைக் கடக்க அவருக்கு நான்கு எண்ணினால் போதும். நடுவில் வந்ததும் ஒரு கணம் காதைக் கொடுப்பார். டர்ர்ர் இல்லையா, நட. இருக்கிறதா, நில்.

யாரும் அவருக்கென்று போடவில்லை. அவரே கண்டுபிடித்து, அவரே வைத்துக்கொண்ட சிக்னல்.

மாமாவுக்குப் பிறவியில் இருந்தே இப்படி இல்லை. இருபது வயது வாக்கில் பொழுது சாய்ந்தால் தடுமாற ஆரம்பித்தார். மாலைக்கண் என்று நினைத்து வீட்டில் முருங்கைக்கீரையாகப் போட்டுத் தள்ளினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோதுதான் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயர் தெரிந்தது. பார்வை ஓரங்களில் இருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வருகிற வியாதி. கடைசியில் ஒரு குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் மட்டும் மிச்சம் இருக்கும். அந்தக் காலகட்டம்தான் மோசம் என்கிறார். பேப்பரில் பொடி எழுத்தைப் படிப்பார், எழுந்து நடந்தால் எருமை மேல் மோதுவார். ஊரில் "நடிக்கறான்" என்றார்கள். ஒரு தடவை பஸ்ஸில் கோலை மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட்டை உற்றுப் பார்த்தாராம். பக்கத்தில் இருந்தவர், "கண்ணு தெரியறவனுக்கு எதுக்கு இந்தக் குச்சி?" என்று சத்தம் போட்டிருக்கிறார். வெள்ளைக்கோல் வைத்திருக்கிற எல்லாருக்கும் முழு இருட்டு இல்லை என்பது இன்னமும் நிறைய பேருக்குத் தெரியவில்லை.

கோலைப் பிடிக்கக் கோயம்புத்தூரில் ஒரு மையத்தில் இரண்டு வாரம் கற்றுக்கொண்டார். நெஞ்செலும்பு உயரத்துக்குக் கோல். தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடமும் வலமும் வீசி நுனியைத் தட்ட வேண்டும். வலது கால் முன்னால் போகும்போது நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்து கால் விழப்போகிற இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வகுத்த முறை இது. மாமா மூன்று நாளில் பிடித்துக்கொண்டார். முன்பு தறி ஓட்டியவர், கை கால் தாளம் ஏற்கெனவே இருந்தது.

அந்தக் கதையை எல்லாம் கேட்டுவிட்டு, நானும் ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு முக்கில் நடந்து பார்க்கட்டுமா என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணக் கட்டிட்டு நடந்தா உனக்குத் தெரியறது உன்ற பயம். என்ற ரோடு இல்ல. எனக்கு இருவது வருசமாப் பழகுன காது இருக்குது, உனக்கு என்ன இருக்குது?" அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

உதவி செய்கிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமா நிறுத்த மாட்டார். நல்லவர்கள்தான், அதுதான் சிக்கலே. ஒருவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். ஒருவர் கோலின் நுனியைப் பிடித்து, கன்றுக்குட்டியைக் கயிற்றில் கூட்டிப் போவது போலக் கூட்டிப் போவார். ஒருவர் டீக்கடையில் இருந்தபடியே "நேரா வாங்க, லெஃப்ட்ல, இல்லீங், உங்க லெஃப்ட்ல" என்று கத்துவார். கார்க்காரர்களில் மரியாதையானவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, போங்க என்று கையைக் காட்டுவார்கள். கை தெரிந்தால் மாமா ஏன் கோல் வைத்திருக்கப் போகிறார்? அவருக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜின் நின்றபடி ஓடுவது மட்டும்தான் கேட்கும். எதற்கு நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று தெரியாமல் அவரும் நிற்பார். பொறுமை போய்க் கார்க்காரர் ஹாரன் அடிப்பார். நம் ஊரில் ஹாரனுக்குப் போ என்றும் அர்த்தம், வராதே என்றும் அர்த்தம். கண்ணாடியை இறக்கி "போங்க, நான் நிக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

உதவுகிற முறை ரொம்பச் சின்னது. முதலில் கேட்க வேண்டும். வேண்டும் என்றால் நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்வார், நாம் அவரைப் பிடிக்க வேண்டியதில்லை. அரை எட்டு முன்னால் நடந்தால் நம் உடம்பு திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் அந்த முழங்கை வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். அக்கட்ட சேர்ந்ததும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் அப்படித்தான் ஆனது. யாரோ ஒரு நல்ல மனிதர் அவரைக் கோணலாகத் தாட்டிவிட்டு, "ஆச்சுங்க பெரியவரே" என்று பஸ் ஏறிப் போய்விட்டார். மாமா நின்றது மேசையில் இருந்து இருபதடி தள்ளி, தேங்காய் மட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால். அவருக்கு அது தெரியாது. கோலை வீசினார், காலியாக இருந்தது. லாரியின் அடியில் காலியாகத்தான் இருக்கும். இரண்டாவது எட்டில் பின்பலகை நெற்றியில் இறங்கியது. நான்கு தையல். கோல் தரையை மட்டும்தான் பார்க்கும், இடுப்புக்கு மேலே இருப்பதைப் பார்க்காது. ஐஐடி டெல்லியில் உருவாக்கி 2014-ல் வெளியிட்ட ஸ்மார்ட்கேன் என்ற கருவி இதற்காகத்தான் வந்தது. கோலின் பிடியில் மாட்டிக்கொள்ளலாம், முழங்காலுக்கு மேலே எதிர்ப்படுவதை மீயொலியால் அறிந்து அதிர்ந்து சொல்லும். ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வீட்டுப் பக்கம் நன்றாக உதவியது. முக்கில் ஆள், மாடு, பைக் என்று அது ஓயாமல் அதிர்ந்ததில் மாமா கழற்றி வைத்துவிட்டார்.

தையல் போட்ட அந்த வாரத்தில்தான் வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். சாயங்காலங்களில் திண்ணையில் மாமாவுக்குச் சொல்வேன். பல நாடுகளில் சிக்னல் கம்பத்தில் ஒரு பெட்டி இருக்கும், நொடிக்கு ஒரு தடவை மெதுவாக டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கம்பம் எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு அது. நடக்கலாம் என்று வந்ததும் அதே சத்தம் படபடவென்று வேகமாகிவிடும். ஜப்பானில் ஒரு திசைக்குக் குஞ்சு கத்துகிற மாதிரி, குறுக்குத் திசைக்குக் குயில் இனத்துப் பறவை கூவுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். எந்த ரோட்டுக்குப் பச்சை என்று குழப்பம் வராது. ரோட்டைத் தாண்டும்போது கோணிப் போகாமல் இருக்க, சில இடங்களில் ஜீப்ரா கோட்டின் நடுவிலேயே மேடாக ஒரு பட்டையும் பதித்திருக்கிறார்கள். மாமா எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். இங்கிலாந்தைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே பட்டன் பெட்டிக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், விரல் நுனி அளவுக்கு வரி போட்ட ஒரு கூம்பு இருக்கும். விரலை வைத்துக்கொண்டு நின்றால் போதும், பச்சை வந்ததும் அது சுற்றும். "சத்தமே இல்லாம கைக்குள்ள சொல்லுது பாரு. மழையில கேக்கும், காத்துல கேக்கும். காது கேக்காதவனுக்கும் கேக்கும்" என்றார். எனக்கும் அதுதான் பிடித்தது. கொண்டுவந்து எங்கள் முக்கில் எங்கே மாட்டுவது? கம்பமே கிடையாது.

கம்பம் இருக்கிற டவுனில் நிலைமை நன்றாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. பார்வையற்றவர்கள் சிக்னலில் பொதுவாகச் செய்வது, தாங்கள் போகிற திசையிலேயே பக்கத்தில் ஓடுகிற வண்டிகள் கிளம்பும்போது தாங்களும் கிளம்புவது. அந்த இரைச்சலுக்கு இணையாக நடந்தால் நேராகவும் போகலாம். நம் சிக்னல்களில் இடப்பக்கம் திரும்புகிறவர்கள் எந்த விளக்கு எரிந்தாலும் நிற்பதில்லை. ஃப்ரீ லெஃப்ட். அதனால் ரோடு ஒருபோதும் அமைதியாவதே இல்லை. கவுன்ட்டவுன் எண்கள் வந்ததும் வண்டிகளை அணைத்துவிடுகிறார்கள், பெட்ரோலுக்கு நல்லது. ஆனால் மாமாவின் காதுக்கு முப்பது வண்டி நிற்கிற ரோடும் காலி ரோடும் ஒன்றாகிவிடுகிறது. ஐந்து, நான்கு என்று எண் இறங்கும்போது எல்லா இன்ஜினும் ஒரே நேரத்தில் உயிர் பெறும். அதற்குள் நடு ரோட்டில் இருந்தால் அவ்வளவுதான்.

இனி வருவது மின்சார வண்டிகள். ஸ்டாண்டில் ஒரு பையன் புதிதாக இ-ஆட்டோ எடுத்தான். மாமா பக்கத்தில் வந்து நிறுத்தி "மாமோய்" என்றான் பாருங்கள், சீட்டுக் கட்டு கையில் இருந்து பறந்தது. ஐரோப்பாவில் 2021 ஜூலையில் இருந்து விற்கும் புது மின்சாரக் கார் ஒவ்வொன்றும் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாகச் சத்தம் எழுப்பியே ஆக வேண்டும். அதற்கு மேல் போனால் டயர் சத்தமே போதும். இந்தப் பையன் அதைக் கேட்டுவிட்டு, இப்போது முக்குக்குள் நுழையும்போது தானே வாயால் "டுர்ர்ர்" என்கிறான். பாதி கிண்டல், பாதி அக்கறை.

மஞ்சள் டைல்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதில் நான்தான் குற்றவாளி. மெட்ரோ ஸ்டேஷன்களில் நீங்கள் மிதித்திருப்பீர்கள். நீளக் கோடுகள் இருந்தால் நடக்கலாம், புள்ளிகள் இருந்தால் நில், கவனி. செய்ச்சி மியாகே என்ற ஜப்பானியர் 1965-ல் உருவாக்கியது. முதன்முதலில் பதித்தது 1967 மார்ச் 18-ல், ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில். அதுவும் ரோடு தாண்டுகிற இடத்தில். வீல்சேருக்காகக் கரைக்கல்லைச் சரித்து ரோட்டோடு சமமாக்கும்போது, கண் தெரியாதவருக்கு இருந்த ஒரே எல்லையும் போய்விடுகிறது. அந்த இடத்தில் புள்ளி டைல்ஸ் பதித்தால் இரண்டு பேருக்கும் சரியாகிவிடும். ஆனால் நம் பக்கம் அதை அழகுக்குப் பதிக்கிறார்கள். நடக்க வேண்டிய இடமெல்லாம் புள்ளி, நிற்க வேண்டிய இடத்தில் கோடு, கோட்டின் முடிவில் கரண்ட் கம்பம்.

ஒரு சான்றிதழ் வேலையாக மாமாவை டவுனில் ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அவரை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போய் டோக்கன் வாங்கி வந்தேன். அதற்குள் அவர் காலில் மஞ்சள் டைல்ஸ் தட்டுப்பட்டு, ஆசையாக அதன் மேலேயே நடந்து வந்திருக்கிறார். ஏழாவது எட்டில் கோல் ஒரு ஸ்கூட்டரில் இடித்தது. "எந்தக் கொள்ளைல போறவன்டா வழியில நிறுத்துனது?" என்று ஆரம்பித்து, அடுத்து வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. நான் ஓடி வருவதற்குள் கை ஹேண்டில்பாரைத் தடவி, சீட்டுக்கு வந்து, சீட்டின் கிழிசலை நான் நைலான் கயிற்றால் தைத்திருந்த இடத்தில் நின்றுவிட்டது. அந்தத் தையலுக்கு ஊசி கோத்துக் கொடுத்ததே அவர்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது உன்ற வண்டி" என்றார்.

நிழலாக இருந்தது, நிறுத்தினேன். அதற்கு மேல் என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

சரி, பட்டைகளுக்கு வருகிறேன். போன வருடம் கோடையில் எங்கள் ரோட்டைப் புதிதாகப் போட்டார்கள். அருமையான ரோடு. எல்லாருக்கும் சந்தோஷம், வண்டிகள் வழுக்கிக்கொண்டு போயின. மாமா மட்டும் அன்றைக்கு வடக்குப் பக்கமே பதினொரு மணி வரை நின்றிருக்கிறார். ஆறு பட்டைகளும் புதுத் தாருக்கு அடியில் போய்விட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு சிக்னலைப் பிடுங்கிப் போட்டோம் என்று அந்த ரோட்டைப் போட்டவர்களுக்கு எப்படித் தெரியும்? ஜல்லி ஓரமும் போய், தார் வழவழவென்று மண்ணோடு கலந்திருந்தது. குதிகாலுக்கும் பிடிமானம் இல்லை. அன்றில் இருந்து ஆட்டோ ஸ்டாண்டுப் பையன்கள் யாராவது வந்து கூட்டிப் போகிறார்கள். முறையாக, முழங்கையைக் கொடுத்துத்தான். ஆனால் சவாரி போயிருந்தால் காத்திருக்க வேண்டும். காலை ஒரு மணி நேரம் போனால் பத்துப் பதினைந்து சீட்டு போனது.

மனு எழுதினேன். எங்கள் பக்கம் தமிழிலேயே கொடுக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டேன். வக்கீல் தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்து, ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் சேர்த்தேன். அணுகல் வசதிகளை முடிந்தால் செய்யுங்கள் என்கிற பாணியில் விட்டிருந்த விதியைச் சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்ன தீர்ப்பு அது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்ற மத்திய அரசின் கணக்கையும் எழுதினேன். மாமாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "இவ்வளவு பெரிய ஆளுகள எல்லாம் கூப்பிட்டிருக்கற. பட்டை எத்தனைன்னு எழுதலியே?" என்றார். எழுத மறந்திருந்தேன்.

அலுவலகத்தில் இருந்த இன்ஜினியர் நிதானமான மனிதர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். "கண் தெரியாதவருக்கு இதுல எந்தா பிரயோஜனம்? இது டிரைவருக்குப் போடறதல்லே?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். மாமாதான் பதில் சொன்னார். மேசை மேல் விரலால் தட்டிக் காட்டினார். இது கார், இது லாரி, இது பைக். இது நான் நடு ரோட்டில் நிற்கிறது. இதில் இருந்து ஆறு. இன்ஜினியர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் தட்டச் சொன்னார். பிறகு ஒரு தாளில் ரோட்டை வரைந்து, தூரம் கேட்டு எழுதிக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் என்று அவரே கேட்டார்.

ஏழு மாதம் ஆனது. பட்டைகள் வந்தன. கிழக்குப் பக்கம் ஆறு, கேட்காமலே மேற்குப் பக்கமும் ஆறு. மாமா அன்று வடக்கே நின்று அரை மணி நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். டர்ர்ர். தடதட. முகத்தில் ஒரு சிரிப்பு. அப்புறம் நெற்றி சுருங்கியது.

"பைக் சத்தம் வரலியே?"

போய்ப் பார்த்தேன். மழைத் தண்ணீர் வடிவதற்காகப் பட்டைகளை ரோட்டின் ஓரம் வரை போடாமல் இரண்டடி விட்டிருந்தார்கள். பைக்குகள் எல்லாம் அந்தச் சந்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. அவர் கடைசியாகக் கால் வைக்கிற அதே ஓரத்தில். திரும்பி வந்து சொன்னேன். மாமா கோலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் முழங்கையைப் பிடித்தார்.

"சந்து எத்தனை அடி?"

"ரெண்டடி இருக்குமுங்க மாமா."

"இருக்குமுங்களாவது. டேப் வெச்சு அளந்து எழுது. இந்தத் தடவ அந்த உச்ச நீதிமன்றத்த விட்ரு, அடியும் அங்குலமும் மட்டும் போடு. அந்த மனுசனுக்கு அது போதும்."

தீவனக் கடையில் டேப் கேட்டு வாங்கி வந்தேன். இருபத்தோரு அங்குலம்.